துண்டு வெட்டும் நாள்

கொழும்பில் ஓர் ஆஸ்பத்திரியின் சிறுநீரியல் வாட்டில் ஆண் தாதியாக வேலை செய்கிறேன். யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, ஹட்டன் பக்கமிருந்து புரொஸ்டேட் (ஆண்களின் சலப்பைக்குக் கீழே உள்ள சுரப்பி) புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சை செய்ய வருகிறவர்களுக்குத் துண்டு வெட்டும்போது, அதாவது வீட்டுக்கு அனுப்பும்போது, விளக்கம் சொல்வது பெரும்பாலும் என் தலையில்தான் விழும். தமிழ் பேசுகிறவன் என்பதுதான் காரணம்.

கட்டிலைச் சுற்றி மனைவி, மகள், மருமகன் எல்லாரும் நிற்பார்கள். வாட்ஸ்அப்பில் கனடாவிலிருந்து ஒரு மச்சான். "இங்கே எல்லாம் ரோபோதான். அங்கே கையாலேயா வெட்டினவை?" என்பார். குடும்பத்துக்கு ஒரே கேள்வி: வருத்தம் முழுதாகப் போய்விட்டதா? அதற்கு எடுத்த சுரப்பியின் பரிசோதனை முடிவும், ஆறு எட்டுக் கிழமைக்குப் பிறகு எடுக்கும் பி.எஸ்.ஏ. (புரொஸ்டேட் சுரக்கும் ஒரு புரதம்) இரத்தப் பரிசோதனையும்தான் பதில் சொல்லும். ஐயா மட்டும் முகட்டைப் பார்த்தபடி படுத்திருப்பார். அவருடைய கேள்வியை மகளுக்கு முன்னால் கேட்க முடியாது. அதனால் பார்வையாளர் நேரம் முடிந்ததும் திரும்பிப் போவேன்.

முதலில் கதீற்றர், சலம் (சிறுநீர்) வடிய உள்ளே விடும் குழாய். புரொஸ்டேட்டை எடுத்தபின் சலப்பையைச் சலக்குழாயோடு சேர்த்துத் தைத்திருப்பார்கள். அந்தத் தையல் ஆறும்வரை, ஒன்று இரண்டு கிழமைக்கு, கதீற்றர் உள்ளே இருக்கும். பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும். (இதற்குச் சாரம் மாதிரி வசதியான உடுப்பு வேறில்லை.) நடந்தபின் சலம் கொஞ்சம் ரோஸ் நிறமாக வந்தால் பயமில்லை. இரத்தம் கட்டியாக வந்தாலோ, பையில் ஒன்றுமே இறங்காவிட்டாலோ உடனே வர வேண்டும். கதீற்றர் கழன்று விழுந்தால் பக்கத்துக் கிளினிக்கில் திரும்பப் போடவிடக் கூடாது, புதுத் தையல் பிய்ந்துவிடலாம். இதை மட்டும் எழுதியே கொடுக்கிறேன்.

அப்புறம் பயணம். வெள்ளவத்தையில் ராத்திரி பஸ் ஏறினால் விடிய யாழ்ப்பாணம் என்று எல்லாருக்கும் அவசரம். ஆனால் இந்தச் சத்திரசிகிச்சைக்குப் பின் காலில் இரத்தம் உறையும் ஆபத்து உண்டு. அந்தக் கட்டி நுரையீரலில் போய் அடைத்தால் உயிருக்கே வினை. முடிந்தால் கதீற்றர் எடுக்கும்வரை கொழும்பிலேயே சொந்தக்காரர் வீட்டில் நில்லுங்கள் என்பேன். போயே ஆக வேண்டுமென்றால் கோட்டையிலிருந்து ரயிலில் போகலாம், எழும்பி நடக்க இடமிருக்கும். கெண்டைக்கால் வீங்கி நொந்தாலும், திடீரென்று மூச்சு முட்டினாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. ஆறு கிழமைக்குப் பாரம் தூக்கக் கூடாது. பேரப்பிள்ளையும் பாரம்தான்.

கதீற்றர் எடுத்தபின் அநேகமாக எல்லாருக்கும் சலம் கசியும், இருமினால், எழும்பினால். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் ஒப்பரேஷன் பிழைத்துவிட்டது என்றே முடிவுகட்டிவிடுவார்கள். கோயிலுக்குப் போவதையே விட்டவர்களைக் கண்டிருக்கிறேன். பெரும்பாலானவர்களுக்குச் சில மாதங்களில் குறையும், சிலருக்கு ஒரு வருடமும் எடுக்கும். இடுப்படித் தசையை இறுக்கித் தளர்த்தும் பயிற்சி உதவும், ஆனால் கதீற்றர் இருக்கும்போது செய்யக் கூடாது. 1948இல் ஆர்னல்ட் கீகல் என்ற அமெரிக்க மருத்துவர் பெண்களுக்காகச் சொன்ன பயிற்சி இது என்றதும் ஒருவர் முகம் சுளித்தார். அவரை விடாமல் செய்யவைத்தவர் அவருடைய மனைவி.

இவ்வளவும் கேட்டபிறகுதான் ஐயா குரலைத் தாழ்த்துவார். "தம்பி, அது... பழையபடி வருமா?"

விறைப்புக்கான நரம்புகள் புரொஸ்டேட்டின் இரு பக்கமும் ஒட்டியே போகின்றன. அவற்றைக் காப்பாற்றி வெட்டும் முறையை 1982இல் அமெரிக்காவின் பற்றிக் வோல்ஷ் தொடங்கினார். புற்றுநோய் நரம்புவரை பரவியிருந்தால் அதற்கு வழியில்லை. காப்பாற்றினாலும் உடனே வராது, இரண்டு வருடம்கூட ஆகலாம், எல்லாருக்கும் பழையபடி வருவதுமில்லை. விந்து இனி வெளிவராது, இன்ப உணர்ச்சி இருக்கும். இதையெல்லாம் கையெழுத்து வாங்கும்போதே டொக்டர் சொல்லியிருப்பார். "புற்றுநோய்" என்ற சொல்லுக்குப் பிறகு அவர் காதில் எதுவும் ஏறியிருக்காது. அதனால்தான் திரும்பவும் சொல்ல வேண்டியிருக்கிறது. மனைவியையும் கூப்பிடவா என்று கேட்பேன். வேண்டாம் என்பவர்கள்தான் அதிகம்.

மருந்து இருக்கிறது, கிளினிக்கில் கேளுங்கள் என்றால் முகம் கொஞ்சம் தெளியும். ஆனால் நெஞ்சு நோவுக்கு நாக்கின் கீழ் வைக்கும் மாத்திரை பாவிப்பவர்கள் அந்த மருந்தைத் தொடவே கூடாது, இரத்த அழுத்தம் ஆபத்தாக இறங்கிவிடும். பார்மசியில் வெட்கத்தில் அதைச் சொல்லாமலே வாங்கிவிடுவார்கள் என்பதுதான் எனக்கு எப்போதும் உள்ள பயம்.