உள்ளே ஒரு காற்று, வெளியே ஒரு காற்று

ஜூன் 28, சால்ட் லேக் சிட்டி

அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் இருக்கும் ஷோஷோனி ஏரிக்குச் சாலை கிடையாது. லூயிஸ் ஏரியின் கரையோரமாகப் போய், இரண்டு ஏரிகளையும் இணைக்கும் லூயிஸ் சானல் என்ற ஆற்றுப் பாதையில் எதிர்நீச்சலாக ஏறித்தான் படகு போக வேண்டும். மோட்டாருக்கு லூயிஸ் ஏரியோடு அனுமதி முடிகிறது. மேலே போவதெல்லாம் கையால் வலிக்கிற படகுதான். அங்கே மீன் பிடிக்கப் போக 8 அடி நீள இரட்டைக்குழாய்ப் பான்டூன் நல்ல படகு: காற்றடித்த இரண்டு குழாய்கள், அவற்றின் மேல் ஒரு சட்டகம், இருக்கை. சட்டகத்தைக் கழற்றி, குழாய்களைச் சுருட்டினால் காரின் டிக்கியிலேயே அடங்கிவிடும்.

வீட்டிலேயே காற்றடித்து, காரின் கூரையில் கட்டிக்கொண்டு போக நினைக்கக் கூடாது. இந்த ஊர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 4,200 அடி; லூயிஸ் ஏரி ஏறக்குறைய 7,800 அடி. மேலே வெளிக்காற்றின் அழுத்தம் 1.6 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற கணக்கு) அளவுக்குக் குறைகிறது. இங்கே 2 பிஎஸ்ஐ அடித்த குழாய் அங்கே 3.6 பிஎஸ்ஐ காட்டும். முதலில் பிரிவது வெளியுறையின் ஜிப் ஓரத் தையல்.

ஜூன் 29

உள்பைகளைச் சரிபார்க்க வேண்டிய நாள். வெளியுறை முரட்டு பிவிசி. காற்றைத் தாங்குவது உள்ளே இருக்கிற மெல்லிய பைதான். உறையின் ஜிப்பைத் திறந்து உள்ளே கை விட்டுத் துழாவினால் பொடி மணல் கிடைக்கும். பையைத் தேய்த்துத் தேய்த்து ஊசித்துளை போடுவது அந்த மணல். துடைத்தெடுத்துவிட்டு, பையை முறுக்கில்லாமல் நீளவாக்கில் பரப்பி, கால்வாசிக் காற்று அடித்து, குழாயைத் தூக்கி உதற வேண்டும். பை தன் இடத்தில் உட்கார்ந்த பிறகே ஜிப்பை மூடி மீதிக் காற்றை அடிக்கலாம். முறுக்கோடு அடித்தால் ஒரு முனை வெங்காயம் போல உப்பும், மறுமுனை தொளதொளவென்று கிடக்கும்.

ஜூலை 2, லூயிஸ் ஏரி

படகு அனுமதிச் சீட்டும், வெளியிலிருந்து நீருயிர்கள் ஒட்டிக்கொண்டு வரவில்லை என்பதற்கான சோதனையும் முடிந்தால்தான் தண்ணீரில் இறக்க முடியும். துடுப்புப் படகுக்கும் விலக்கில்லை. தூண்டில் கொக்கியில் எதிர்முள் இருக்கக் கூடாது, ஈய எடை கூடாது, கம்பளி அடி வைத்த காலணியும் கூடாது.

காற்றடிப்பதில் பலர் தவறுவது இங்கேதான். நண்பகல் வெயிலில், 28 டிகிரியில் கிண்ணென்று அடித்த குழாயை 10 டிகிரி தண்ணீரில் இறக்கினால் அழுத்தம் ஏறக்குறைய 0.8 பிஎஸ்ஐ குறைந்துவிடும். குழாய் தளர்கிறது, சட்டகம் ஆடுகிறது, ஒவ்வொரு துடுப்பு வீச்சிலும் பாதி பலம் அந்த ஆட்டத்திலேயே போகிறது. ஓட்டை என்று பதற வேண்டாம். இறக்கி 15 நிமிடம் மிதக்கவிட்டு, மறுபடி பம்ப் பிடித்தால் போதும். கரையேற்றும்போது இதற்கு நேர்மாறு: வெயிலில் போடுவதற்கு முன் கொஞ்சம் காற்றைத் திறந்துவிட வேண்டும்.

ஜூலை 3, சானல்

கீழ்ப்பகுதி அமைதியான ஓட்டம். கடைசி ஒரு மைல் அளவுக்கு வலித்து ஏற முடியாது. இறங்கி இழுக்கத்தான் வேண்டும். இழுகயிற்றை இடுப்பில் கட்டவே கூடாது. கால் சறுக்கினால் படகு ஆளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். சுற்றாமல் கையில் பிடித்தால் போதும், அவ்வளவுதான். சுமையைப் பின்பக்கம் தள்ளி வைத்தால் முன்முனை தூக்கிக்கொண்டு கல்லில் தட்டாமல் வரும். நங்கூர இரும்பைச் சுமந்து வருவது வீண். வலைப்பை ஒன்று கொண்டுவந்தால் மேலே போய்க் கல் நிரப்பிக்கொள்ளலாம்; 4 கிலோ போதும்.

ஜூலை 4, ஷோஷோனி

இந்த ஏரியில் தென்மேற்குக் காற்றுக்குத்தான் அஞ்ச வேண்டும். காலை கண்ணாடி மாதிரி இருக்கிற தண்ணீர், பகல் ஏறினால் 3 அடி அலையாக மாறும். பான்டூனின் அடி தண்ணீரில் அதிகம் இறங்குவதில்லை; உட்கார்ந்திருக்கிற ஆளே காற்றுக்குப் பாய்மரமாகிவிடுகிறார். விடியலில் இறங்கி, காற்று எழுமுன் கரையேறிவிட வேண்டும். குறுக்கே கடப்பதானால் ஏரி இடுங்குகிற நாரோஸ் பகுதியில் மட்டும். லைஃப் ஜாக்கெட் உடம்பில் இருக்க வேண்டும், இருக்கைக்குப் பின்னால் அல்ல. இந்தக் குளிரில் விழுந்தவரின் விரல்கள் சில நிமிடங்களில் பக்கிள் போடும் சக்தியை இழக்கும்.

1890-க்கு முன் இங்கே மீனே இல்லை. கீழே லூயிஸ் அருவி தடுத்து நின்றது. அந்த ஆண்டு கொண்டுவந்து விட்ட லேக் டிரவுட், பிரவுன் டிரவுட் என்ற மீன் வகைகள் இங்கே வேர் பிடித்தன. பனிக்கட்டி உருகிய முதல் வாரங்களில் லேக் டிரவுட் கரையோரம் மேயும். ஜூலை முற்றினால் ஆழத்துக்குப் போய்விடும். காலில் ஃபின் என்ற நீச்சல் செருப்பை மாட்டிக்கொண்டு, துடுப்பைத் தூக்கி வைத்துவிட்டு, பின்னோக்கி மெதுவாக உதைத்தபடி, மூழ்கும் கயிற்றில் அட்டைப்பூச்சி போன்ற கறுப்பு ஃப்ளையை (கொக்கியில் கட்டிய போலி இரையை) இழுப்பது நல்ல வழி. மடியில் வலைத்துணி விரித்துக் கயிற்றை அதில் சேர்த்தால் துடுப்புக் கொண்டியில் சிக்காது.

ஜூலை 5

இடது குழாய் ஒரே இரவில் தளர்ந்திருந்தால் முதலில் வால்வைப் பார்க்க வேண்டும். சோப்புத் தண்ணீர் தடவியதும் வால்வின் ஓரத்தில் ஒரு குமிழி கடுகளவில் தோன்றி, பட்டாணியளவுக்கு வளர்ந்து, உடைந்து, அதே இடத்தில் மறுபடி எழும். அடியில் ஒரே ஒரு மணல் துகள்! திறந்து, ஈரத்துணியால் துடைத்து மூடினால் தீர்ந்தது. உண்மையான துளையானால் ஆல்கஹாலால் துடைத்து, முனை வட்டமாக வெட்டிய ஒட்டுத்துண்டை வைத்து, ஒரு நாள் முழுக்க அழுத்தி வைக்க வேண்டும். வினைல் பைக்கு வினைல் பசை, யூரித்தேன் பைக்கு யூரித்தேன் பசை. மாற்றிப் போட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், காற்றடித்ததும் உரியும்.

ஜூலை 8, வீடு

துடைத்து வெயிலில் போட்டது பாதி வேலைதான். உறைக்கும் பைக்கும் நடுவே தண்ணீர் தங்கும். ஜிப்பைத் திறந்து பையை உருவி இரண்டையும் தனித்தனியே காயப்போட வேண்டும். அடுத்த ஏரிக்கு நத்தையோ சிப்பிக் குஞ்சோ போவது இந்த ஈரத்தில்தான். கடைசியாகச் சட்டகம். குழாய் முனைகளின் பிளாஸ்டிக் மூடிகளைப் பிடுங்கி நிமிர்த்தினால், காய்ந்துவிட்டது என்று ஒதுக்கி வைத்த கம்பியிலிருந்து அரை டம்ளர் ஏரித் தண்ணீர் கொட்டும்.