‘இருக்கும்’ எல்லாம் ‘வுட் பி’ ஆகாது

முதல் தடவை ஐஇஎல்டிஎஸ் என்கிற ஆங்கிலத் தேர்வு எழுதியபோது ஸ்பீக்கிங்கில் எனக்கு 5.5. மற்ற மூன்றும் கரையேறிவிட்டன, பேச்சுதான் காலை வாரியது. நர்ஸ் வேலைக்கு வெளிநாடு போக அது போதாது. மன்னார்குடி வீட்டில் உட்கார்ந்து, நான் பேசுவதைப் போனில் பதிவு செய்து, அயர்லாந்தில் நர்ஸாக இருக்கும் பெரியம்மா மகளுக்கு அனுப்ப ஆரம்பித்தேன்.

முதல் ஆடியோவிலேயே மாட்டிக்கொண்டேன். தினமும் எத்தனை மணிக்கு எழுவாய் என்ற கேள்விக்கு ‘ஐ யூஸ்ட் டு கெட் அப் அட் ஃபைவ் எவ்ரிடே’ என்றிருந்தேன். அக்காவிடமிருந்து நாலு விநாடியில் ஒரு பதில் வந்தது: “ஏண்டி, இப்பல்லாம் எழுந்திரிக்கிறதே இல்லையா?”

வழக்கம் என்றாலே யூஸ்ட் டு என்று நம்மில் பலருக்குப் பதிந்துபோயிருக்கிறது. அது விட்டுப்போன வழக்கத்துக்கு மட்டும்தான். இன்றும் தொடர்கிறது என்றால் ‘ஐ யூஷுவலி கெட் அப்’, அல்லது வெறும் ‘ஐ கெட் அப்’. இது இரண்டே நாளில் சரியாகிவிட்டது. என்னைப் படாதபாடு படுத்தியது, விட்டுப்போன வழக்கத்துக்கே வரும் இன்னொரு சொல்லான வுட்தான்.

ஸ்பீக்கிங்கின் இரண்டாம் பகுதியில் ஒரு கார்டு கொடுப்பார்கள். ஒரு நிமிடம் யோசிக்கலாம், இரண்டு நிமிடம் வரை பேசலாம். சின்ன வயது இடம், பழக்கம், விளையாட்டு என்று எப்படியாவது பழைய கதை உள்ளே வந்துவிடும். மதிப்பெண்ணில் கால் பங்கு இலக்கணத்துக்கு. பழைய கதைக்கு என்னிடம் பஞ்சமில்லை, அப்பாயி (அப்பாவின் அம்மா) இருக்கிறார். ஒருநாள் அவர் பேசுவதை அப்படியே எழுதி வைத்தேன்:

“அப்பல்லாம் ஜூன் 12 ஆனா மேட்டூர்ல தண்ணி தொறப்பாங்க. புதுத்தண்ணி நம்ம ஆத்துக்கு வந்ததும் பயலுவ பாலத்துலேருந்து குதிப்பானுவ. பதினெட்டாம் பெருக்குக்குப் புள்ளைங்க சப்பரம் இழுத்துக்கிட்டு வரும். கரையில பெரிய நாவ மரம் ஒண்ணு இருக்கும். நம்ம வீட்ல எப்பவும் நாலு மாடு இருக்கும்.”

வினைகளை மட்டும் பாருங்கள். தொறப்பாங்க, குதிப்பானுவ, வரும், இருக்கும், இருக்கும். நடந்து முடிந்து ஐம்பது வருஷம் ஆன கதை, ஆனால் ஒன்றுகூட இறந்தகாலத்தில் இல்லை. நாளைக்குக் குதிக்கப் போகிறவனுக்கும் ‘குதிப்பான்’தான், அன்று குதித்தவனுக்கும் ‘குதிப்பான்’தான். ஆங்கிலத்திலும் கிட்டத்தட்ட இதே கதை. வில் என்பதன் இறந்தகால வடிவம்தான் வுட். ‘தி பாய்ஸ் வுட் ஜம்ப் ஃப்ரம் தி பிரிட்ஜ்’ என்பது அப்பாயியின் ‘குதிப்பானுவ’வேதான். இது பிடிபட்டதும் வுட் எனக்குச் சொந்தக்காரன் மாதிரி ஆகிவிட்டது.

அந்தத் தைரியத்தில்தான் கவிழ்ந்தேன். ‘தேர் வுட் பி எ பிக் ட்ரீ. வி வுட் ஹேவ் ஃபோர் கௌஸ்’ என்று அனுப்பினேன். முதல் பரீட்சையிலும் இப்படித்தான் உளறியிருப்பேன். தமிழில் ‘இருக்கும்’ எதையும் தாங்கும், செயலோ நிலையோ அதற்குக் கவலையில்லை. வுட் அப்படியில்லை. பழைய கதையில் அது திரும்பத் திரும்ப நடந்த செயலுக்கு மட்டும்தான் வரும். நாவல் மரம் தினமும் காலையில் வந்து நின்றுவிட்டுச் சாயங்காலம் வீட்டுக்குப் போகவில்லையே! அது பாட்டுக்கு நின்றது. அப்படி நிலையாக இருந்ததற்கு யூஸ்ட் டுதான்: ‘தேர் யூஸ்ட் டு பி எ பிக் ட்ரீ’, ‘வி யூஸ்ட் டு ஹேவ் ஃபோர் கௌஸ்’. பி, ஹேவ், நோ, லைக், பிலீவ், இந்த ஊரில் வசித்தோம் என்கிற லிவ், எல்லாம் இந்தக் கட்சி. யூஸ்ட் டு இரண்டு பக்கமும் செல்லுபடியாகும், அதனால் சந்தேகம் வந்தால் அதையே போட்டுவிடுவேன்.

வுட்டுக்கு இன்னொரு பிடிவாதம் உண்டு. அப்பாயி ‘அப்பல்லாம்’ என்று தொடங்கினார் அல்லவா, அதுபோல ‘வென் ஐ வாஸ் எ சைல்ட்’ என்று காலத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். மொட்டையாக ‘வி வுட் பேத் இன் தி ரிவர்’ என்றால், தண்ணீர் வந்தால் குளிப்போம் என்கிற மாதிரி கேட்கும். டெல்டாவில் அதுவும் உண்மைதான், ஆனால் நாம் சொல்ல வந்தது அதுவல்ல.

இத்தனை வருஷம், இத்தனை தடவை என்று கணக்குச் சொன்னால் இரண்டுமே வேண்டாம். மயிலாடுதுறை ஒரு காலத்தில் தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்தது என்பதற்கு ‘யூஸ்ட் டு பி’ போடலாம். 1991 முதல் 2020 வரை நாகப்பட்டினம் மாவட்டத்தில் இருந்தது என்று வருஷத்தோடு சொன்னால் சாதாரண ‘வாஸ்’ போதும்.

டிட் வந்தால் யூஸ்டில் உள்ள டி போய்விடும்: ‘ஐ டிட்ன்ட் யூஸ் டு லைக் காஃபி’. பேசும்போது வித்தியாசம் காதில் விழாது. பேங்க் பரீட்சையில் பிழை கண்டுபிடிக்கச் சொன்னால் விழும்.

நர்ஸ் இண்டர்வியூவுக்குப் போகிறவர்கள் இதை மட்டும் குழப்பிக்கொள்ளாதீர்கள். ‘ஐ யூஸ்ட் டு வொர்க் நைட் ஷிஃப்ட்ஸ்’ என்றால் முன்பு பார்த்தேன், இப்போது இல்லை. ‘ஐ ஆம் யூஸ்ட் டு வொர்க்கிங் நைட் ஷிஃப்ட்ஸ்’ என்றால் எனக்கு அது பழகிப்போனது. முன்னால் ஒரு ஆம், பின்னால் ஒரு இங். கேட்பவர் இரண்டாவதைத்தான் எதிர்பார்ப்பார்.

பழகிய விதம் இவ்வளவுதான்: ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் அப்பாயியிடம் ஒரு கதை கேட்பேன், அதை இரண்டு நிமிடம் ஆங்கிலத்தில் பேசிப் பதிவு செய்வேன், மறுநாள் கேட்டு வுட் வந்த இடமெல்லாம் ‘செய்ததா, இருந்ததா’ என்று பார்ப்பேன். ஒன்றரை மாதம் ஓடியது. இரண்டாவது தடவை ஸ்பீக்கிங்கில் 7 வந்தது. அன்றைக்கும் நடுவில் ஒரு ‘வி வுட் ஹேவ்’ வாயில் வந்துவிட்டது. ‘சாரி, வி யூஸ்ட் டு ஹேவ்’ என்று திருத்திக்கொண்டு மேலே பேசினேன். எதிரில் இருந்தவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை.