டைப்ரைட்டர் சத்தம் பதிந்த ஒரு டேப்

மீட்டிங் தொடங்க ஐந்து நிமிடம் இருக்கும்போதே அடுப்பை அணைத்துவிடுவேன், குக்கர் விசில் அடித்துவிடுமே என்று. மகள் எழுந்துவிடக் கூடாது, காய்கறி வண்டிக்காரர் அந்த நேரம் பார்த்துத் தெருவில் வரக் கூடாது. வீட்டிலிருந்துதான் வேலை பார்க்கிறேன் என்று கிளையன்டுக்குத் தெரியும். ஆனாலும் வீட்டுச் சத்தம் ஒன்றுகூட அவர்கள் காதில் விழக் கூடாது என்று நானே ஒரு விதி வைத்திருந்தேன்.

2025 ஆகஸ்டில் 'டேம்' என்ற பிரிட்டிஷ் பட்டம் பெற்ற ஸ்டெஃபனி ஷர்லி 91 வயதில் காலமான செய்தியைப் படித்தேன். கம்ப்யூட்டர் துறையில் இத்தனை வருடம் இருந்தும் அதுவரை அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. 1960களில் இங்கிலாந்தில் தன் வீட்டிலிருந்தே மென்பொருள் கம்பெனி நடத்தியவர். வாடிக்கையாளருடன் போனில் பேசும்போது, டைப்ரைட்டர் தட்டும் சத்தம் பதிந்த டேப்பைப் பக்கத்தில் ஓடவிடுவாராம். குழந்தையின் குரல் அந்தப் பக்கம் கேட்கக் கூடாது, பரபரப்பான ஆபீஸ் என்று நினைக்க வேண்டும். அன்று ராத்திரி வெகுநேரம் அவரைப் பற்றித் தேடித் தேடிப் படித்துக்கொண்டிருந்தேன்.

1933-ல் ஜெர்மனியின் டார்ட்மண்ட் நகரில் பிறந்தவர். அப்போது பெயர் வேரா புக்தால். அப்பா யூதர், நீதிபதி. நாஜிகள் ஆட்சியில் அவர் பதவி போனது. குடும்பம் வியன்னாவுக்குப் போனது, 1938-ல் ஹிட்லரின் படை அங்கேயும் வந்துவிட்டது. 1939 ஜூலையில் 5 வயது வேராவையும் 9 வயது அக்காவையும் பெற்றோர் ரயிலேற்றிவிட்டார்கள். போர் தொடங்குவதற்கு முன் கிட்டத்தட்ட 10,000 குழந்தைகளை இப்படிப் பிரிட்டனுக்கு அனுப்பினார்கள். 'கிண்டர்டிரான்ஸ்போர்ட்' என்று பெயர். குழந்தைகளுக்கு மட்டும்தான் அனுமதி. ஆளுக்கு ஒரு சின்னப் பெட்டி, எண் எழுதிய ஓர் அட்டை.

என் மகளுக்கும் இப்போது 5 வயது. என் காதுமடலைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவாள். அந்த இடத்தைப் படித்ததும் லேப்டாப்பை மூடிவிட்டுப் போய் அவள் பக்கத்தில் படுத்துக்கொண்டேன். பிள்ளையை ரயிலேற்றிவிட்டு அந்த அம்மா எப்படி வீடு திரும்பியிருப்பார்? ஏற்றிவிடாத வீடுகளில் என்ன நடந்தது என்பதும் நமக்குத் தெரியும்.

இரண்டு குழந்தைகளையும் இங்கிலாந்தில் ஒரு தம்பதி எடுத்து வளர்த்தார்கள். பெற்றோரும் உயிர் தப்பினார்கள், பிறகு சேர்ந்தும் கொண்டார்கள். ஆனால் அந்தப் பாசம் மறுபடி ஒட்டவே இல்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். காப்பாற்றிக் கொடுத்த உயிர், அதற்குத் தகுந்த மாதிரி வாழ்ந்து காட்ட வேண்டும் என்ற எண்ணம் மட்டும் கடைசிவரை அவரை விடவில்லை.

பெண்கள் பள்ளியில் கணக்குச் சொல்லித்தர ஆள் இல்லாததால், ஆண்கள் பள்ளிக்குப் போய்ப் படித்தார். அப்புறம் லண்டனில் தபால் துறையின் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை. மாலை வகுப்பிலேயே ஆறு வருடம் படித்துப் பட்டம் வாங்கினார்.

1962-ல் கையில் 6 பவுண்டுடன் 'ஃப்ரீலான்ஸ் புரோகிராமர்ஸ்' தொடங்கினார். குழந்தை பிறந்ததால் வேலையை விட்ட பெண்களைத் தேடித் தேடிச் சேர்த்தார். முதலில் கேட்ட கேள்வி, வீட்டில் போன் வசதி உண்டா என்பது. அவர்களிடம் கம்ப்யூட்டர் கிடையாது. பென்சிலும் காகிதமுமாக, வேலையின் படிகளைக் காட்டும் ஃப்ளோசார்ட் போட்டு, புரோகிராம் எழுதி, தபாலில் அனுப்புவார்கள். டேட்டா சென்டரில் அதைக் கம்ப்யூட்டர் படிக்கிற அட்டையில் துளைகளாக இட்டு, சரிபார்க்க இன்னொரு முறையும் துளையிடுவார்கள். கான்கார்ட் விமானத்தின் கறுப்புப் பெட்டிக்கான புரோகிராம்கூட இப்படி வீட்டில் உட்கார்ந்து பெண்கள் எழுதியதுதான்.

ஸ்டெஃபனி என்று கையெழுத்துப் போட்ட கடிதங்களுக்குப் பதிலே வரவில்லை. கணவர் யோசனைப்படி 'ஸ்டீவ்' என்று போட்டார், பதில் வர ஆரம்பித்தது. முதல் 300 ஊழியர்களில் 297 பேர் பெண்கள். 1975-ல் பாலினப் பாகுபாட்டுக்கு எதிரான சட்டம் வந்ததும், பெண்களுக்கே முன்னுரிமை என்ற கொள்கையே சட்டவிரோதமாகிவிட்டது. ஆண்களையும் சமமாக எடுக்க வேண்டியதாயிற்று. பின்னாளில் ஜான்சா என்று பெயர் மாறிய அந்தக் கம்பெனிக்கு நொய்டாவிலும் சென்னையிலும் அலுவலகங்கள் இருந்தன. பங்குகளை ஊழியர்களுக்கும் கொடுத்தார். அவர்களில் 70 பேர் மில்லியனர் ஆனார்கள்.

என் பயோடேட்டாவில் ஆறு வருட இடைவெளி இருக்கிறது. ஒரு நேர்காணலில், "இத்தனை வருஷம் சும்மாவா இருந்தீங்க?" என்று கேட்டார்கள். எனக்குப் பதில் வரவில்லை. வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து அழுதேன். அந்த மாதிரி இடைவெளி இருந்த பெண்களைத் தேடிப் பிடித்து ஒருவர் கம்பெனி கட்டினார் என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருக்கக் கூடாதா என்று இப்போது தோன்றுகிறது.

அவருக்கு ஒரே மகன், ஜைல்ஸ். 1963-ல் பிறந்தான். இரண்டரை வயதில், பேசிய நாலைந்து வார்த்தையும் நின்றுபோனது. ஆட்டிசம். போனில் கேட்டுவிடக் கூடாது என்று டேப்பைப் போட்டு மறைத்த குரல் அவனுடையதாகத்தான் இருக்க வேண்டும். 35 வயதில், 1998-ல், ஜைல்ஸ் இறந்துபோனார். ஆட்டிசம் குழந்தைகளுக்கான பள்ளிக்கும் ஆராய்ச்சிக்கும் இன்னும் பலவற்றுக்குமாக ஸ்டெஃபனி கொடுத்தது 6 கோடி பவுண்டுக்கும் மேல். அந்தத் தொகையைவிட அந்த டேப்பைத்தான் நான் அதிகம் நினைத்துக்கொள்கிறேன்.

இப்போது மீட்டிங்குக்காக அடுப்பை அணைப்பதில்லை. போன செவ்வாய்க்கிழமை பேசிக்கொண்டிருக்கும்போதே மூன்று விசில் வந்தது. மகள் தூக்கக் கலக்கத்தில் வந்து மடியில் ஏறி என் காதைப் பிடித்துக்கொண்டாள். கேமராவை நான் அணைக்கவில்லை. அந்தப் பக்கம் இருந்தவர் அவள் பெயரைக் கேட்டார். மெதுவாகச் சொன்னாள். காதில் விழவில்லை என்றார். இன்னொரு முறை சத்தமாகச் சொன்னாள்.