வாட்டர்லூவைத் தாண்டியாயிற்று

போன சனிக்கிழமை எங்கள் சிங்கப்பூர் வாசிப்புக் குழு வாட்டர்லூவைத் தாண்டிவிட்டது. பத்தொன்பது அத்தியாயங்கள், ஒன்றைக்கூட விடவில்லை. விக்டர் ஹ்யூகோவின் ‘லே மிசெராப்ல்’ நாவலை எடுத்துப் பாதியில் மூடி வைத்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். கதாநாயகன் ழான் வல்ழானுக்கு என்ன ஆகுமோ என்று பதறிக்கொண்டு இரண்டாம் பாகத்தைத் திறந்தால், எதிரே நெப்போலியன் தோற்ற 1815-ஆம் ஆண்டின் வாட்டர்லூ போர்க்களம். இதுவரை பழகிய ஒரு முகமும் அங்கே இல்லை. எத்தனையோ பேர் புத்தகத்தைக் கீழே வைப்பது இங்கேதான். எங்கள் குழுவில் ஆள் குறையவில்லை, கூடியிருக்கிறது. ஒரு அக்கா தன் மகளையும் அழைத்துவரத் தொடங்கிவிட்டார்.

இதற்குக் காரணம் சமூக மன்ற அறையின் தரையில் நாங்கள் ஒட்டிய ஒரு பெரிய ‘ஏ’ (A). இதைப் பெருமையாகவே சொல்லிக்கொள்வேன்.

நான்காம் அத்தியாயத்துக்குத் தலைப்பே அந்த ஒற்றை ஆங்கில எழுத்துதான். போர்க்களம் புரிய வேண்டுமானால் தரையில் ஒரு ‘ஏ’ கிடப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள் என்கிறார் ஹ்யூகோ. இடது கால் நிவெல் சாலை, வலது கால் ழெனாப் சாலை, குறுக்குக் கோடு ஓயேனிலிருந்து வரும் பள்ளச் சாலை. உச்சியில் மோன் சேன் ழான், அங்கே எதிரணியின் ஆங்கிலேயத் தளபதி வெலிங்டன். இடது காலின் அடியில் உகூமோன் பண்ணை. வலது காலின் அடியில் லா பெல் அலியான்ஸ், அங்கே நெப்போலியன். உச்சிக்கும் குறுக்குக் கோட்டுக்கும் நடுவிலுள்ள முக்கோணம்தான் மேட்டு நிலம். அந்த மேடு யாருக்கு என்பதுதான் மொத்தப் போரும்.

இதைக் காகிதத்தில் வரைவது எளிது. வாட்ஸாப்பில் படமாகப் போட்டும் பார்த்தோம். எல்லாரும் பார்த்தார்கள், யார் மனத்திலும் நிற்கவில்லை. காகிதத்தில் மேடு பள்ளம் கிடையாதே! இந்தப் போரின் உயிரே மேடு பள்ளத்தில்தான் இருக்கிறது.

அதனால் தரைக்கு வந்தோம். முதலில் ராஃபியா கயிறு போட்டோம். வழவழப்பான தரையில் அது நிற்கவே இல்லை; யாராவது நடந்தால் ழெனாப் சாலை உகூமோனுக்குள் போய்விடுகிறது. அப்புறம் மாஸ்கிங் டேப். தரையில் பசை தங்காமல் உரிந்து வருகிறது, பேனாவால் பெயரும் எழுதலாம். அகலமான டேப்பாக வாங்குங்கள், ஒல்லியான டேப்பில் எழுத்து தெரியாது. கால்கள் இரண்டும் சுவரிலிருந்து சுவர்வரை போகட்டும். ஆட்கள் உள்ளே நின்று நடக்க இடம் வேண்டும், சின்னதாக ஒட்டினால் மறுபடியும் காகிதம்தான்.

அடுத்தது அந்தப் பள்ளச் சாலை. பிரெஞ்சுக் கவசக் குதிரைப் படை, 26 அணிகள், 3,500 பேர், மேட்டை நோக்கிப் பாய்கிறார்கள். முன்வரிசை விளிம்புக்கு வந்த பிறகுதான் கீழே பள்ளம் இருப்பது தெரிகிறது. பின்வரிசை தள்ள, முன்வரிசை உள்ளே விழ, பள்ளம் நிரம்பும்வரை விழுந்துகொண்டே இருக்கிறார்கள். வரலாற்று ஆசிரியர்கள் இதை மிகைப்படுத்தல் என்கிறார்கள். இருக்கட்டும், நாவலுக்குள் அது நடந்தாக வேண்டும். கேள்வி என்னவென்றால், அவ்வளவு பெரிய பள்ளம் நெப்போலியன் கண்ணில் ஏன் படவில்லை?

மன்றத்தின் மடக்கு மேசைகளைக் குறுக்குக் கோட்டுக்கு முன்னால் பக்கவாட்டில் சாய்த்து வரிசையாக வைத்தோம். டேப் ஒட்டிய சாலை மேசைகளுக்குப் பின்னால் போய்விட்டது. ஒருவரை லா பெல் அலியான்ஸ் முனையில் தரையில் உட்காரச் சொன்னோம். அவருக்கு மேசையின் விளிம்பும் அதற்கு மேல் சுவரும்தான் தெரிந்தன. சாலை அடியோடு தெரியவில்லை. அவர் “அட!” என்றதும் ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்து பார்த்தார்கள். வழிகாட்டி லாகோஸ்த்திடம் நெப்போலியன் ஏதோ கேட்க, அவன் தலையை அசைத்து மறுக்கும் பத்தியை அந்த நேரத்தில் வாய்விட்டு வாசித்தோம். எதிரே தடை ஏதும் உண்டா என்று அவர் கேட்டிருக்கலாம் என்பது ஹ்யூகோவின் ஊகம். ஒரு குடியானவனின் தலையசைப்பிலிருந்து பேரரசனின் அழிவு பிறந்தது என்றே சொல்லிவிடலாம் என்கிறார். அறையில் யாரும் பேசவில்லை. இவ்வளவு நல்ல சந்திப்பு எங்களுக்கு இதற்கு முன் அமைந்ததில்லை.

இன்றைக்கு பெல்ஜியத்துக்கே போனாலும் அந்தப் பள்ளத்தை அப்போது இருந்தபடி பார்க்க முடியாது. அங்கே நினைவுச் சின்னமாகச் சிங்க மேடு எழுப்பியபோது சுற்றியிருந்த மண்ணை வெட்டி எடுத்துவிட்டார்கள். ஹ்யூகோவே 1861-இல் அந்த ஊரில் தங்கித்தான் நாவலை முடித்தார். மறு ஆண்டு நூல் வெளிவந்தது.

முந்தின இரவு பெய்த மழையைப் பற்றி அவர் சொல்வதற்குக் குழுவிலேயே சாட்சி கிடைத்தது. தேசிய சேவையில் பீரங்கிப் படையில் இருந்த தம்பி ஒருவர், மழைக்குப் பிறகு செம்மண்ணில் சக்கரம் புதைந்தால் என்ன பாடு என்று விளக்கினார். நெப்போலியனிடம் 240 பீரங்கிகள், வெலிங்டனிடம் 159 என்று நாவல் கணக்குச் சொல்கிறது. ஈரம் காயட்டும் என்று காத்திருந்து, பகல் பதினொன்றரைக்கு மேல்தான் போர் தொடங்கியது. அந்தத் தாமதம்தான் வெலிங்டனுக்கு உதவ வந்த பிரஷ்யப் படைக்கு வழிவிட்டது.

இவ்வளவையும் தாண்டினால் பத்தொன்பதாம் அத்தியாயம். போர் முடிந்த இரவு, பிணங்களிடம் திருடும் ஒருவன் வருகிறான். அவன் கை வைக்கும் பிணக்குவியல் எது? அதே பள்ளச் சாலைக் குவியல்தான். இதற்கு மேல் சொல்ல மாட்டேன். வாட்டர்லூவைத் தள்ளிவிட்டுப் படிக்கலாம் என்று ஆலோசனை சொல்பவர்கள்மேல் எனக்கு உண்மையிலேயே கோபம். மூன்றாம் பாகம் முழுவதும் ஊன்றி நிற்பது இந்த இடத்தின்மேல். பள்ளத்தைத் தெரியாதவர்களுக்கு, அந்தக் குவியலில் ஒருவன் ஏன் கிடக்கிறான் என்பது எப்படித் தெரியும்?

பிரதிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆளுக்கொரு பதிப்பு வைத்திருப்பதால் பக்க எண் சொல்வதை விட்டுவிட்டோம். பாகம், புத்தகம், அத்தியாயம் என்று 2.1.19 மாதிரிதான் குறிப்பு. நூலகப் பிரதியை நம்பினால் தவணை முடிவதற்குள் இந்த நாவல் முடியாது. இசபெல் ஹேப்குட்டின் 1887 மொழிபெயர்ப்பு குட்டன்பர்க் தளத்தில் இலவசம், கைப்பேசியில் படிப்பவர்களுக்கு அது போதும். எனக்குப் பிடித்தது கிறிஸ்டின் டோனகரின் மொழிபெயர்ப்பு. பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸின் பழைய புத்தகக் கடைகளில் ஒரு சுற்றுப் போய்ப் பாருங்கள். இணையத்தில் வாங்குவதானால் எச்சரிக்கை: எங்கள் தம்பி ஒருவருக்கு வந்தது சுருக்கப் பதிப்பு, அட்டையில் அப்படி ஒரு வார்த்தை இல்லை. விற்றவர் திருப்பி வாங்கவும் மறுத்துவிட்டார். மொத்தம் 365 அத்தியாயங்கள் இருக்கின்றனவா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

குழுவின் மூத்தவர் இந்த நாவலின் தமிழாக்கமான, சுத்தானந்த பாரதியாரின் ‘ஏழைபடும் பாடு’ கொண்டுவருகிறார். கதை வேகமெடுக்கும் இடங்களில் அதிலிருந்து சத்தமாக வாசிக்கிறோம். அதே பெயரில் 1950-இல் வந்த படத்தையும் அவர் பார்த்திருக்கிறார். கதாநாயகனைத் துரத்தும் போலீஸ்காரர் ஜாவராக நடித்த சீதாராமனுக்குக் கடைசிவரை ஜாவர் சீதாராமன் என்றே பெயர் நிலைத்துவிட்டதை எங்கள் இளையவர்களில் பாதிப் பேர் அவர் சொல்லித்தான் கேள்விப்பட்டார்கள்.

இப்போது 2.3-இல் இருக்கிறோம். 1823 கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு, காட்டில் தண்ணீர் எடுக்கப் போகிறாள் சிறுமி கொசெத். இன்னும் அந்தப் புத்தகத்தை முடிக்கவில்லை, அதற்குள் ஐந்தாம் பாகத்துக்குத் திட்டம் போட ஆரம்பித்துவிட்டேன். அங்கே பாரிஸின் சாக்கடைகளுக்கென்றே ஒரு தனிப் புத்தகம் வருகிறது. வயலுக்கு உரமாக வேண்டியதைக் கடலில் கொட்டி பாரிஸ் ஆண்டுக்கு இரண்டரைக் கோடி பிராங்கை இழக்கிறது என்று ஹ்யூகோ வாதாடுகிறார். பட்டணத்துக்குப் போகும் சீன விவசாயி மூங்கில் காவடியின் இரு பக்கமும் வாளி நிறைய உரம் சுமக்காமல் திரும்புவதில்லை என்று உதாரணமும் காட்டுகிறார். இதைப் படிக்க சிங்கப்பூரைவிடப் பொருத்தமான ஊர் உண்டா? இங்கே வாளிக் கழிப்பறை முறை 1987-இல்தான் முடிவுக்கு வந்தது. அந்த வாளிகளை ஏற்றிப்போன லாரிகளை நேரில் பார்த்தவர்கள் எங்கள் குழுவிலேயே இருக்கிறார்கள். 2003 முதல் கழிவுநீரைச் சுத்திகரித்து நியூவாட்டராக்குகிறோம். கிராஞ்சியிலிருந்து சாங்கிவரை 48 கிலோமீட்டருக்குக் கழிவுநீர்ச் சுரங்கம் போகிறது. அதன் வரைபடத்தைப் பெரிதாக அச்செடுத்து, பக்கத்தில் பாரிஸின் வரைபடத்தையும் ஒட்டப்போகிறேன்.

அதற்கு முன்னால் கன்னி மாடம் வருகிறது, 2.6-உம் 2.7-உம். நார்மன் டென்னியின் 1976 மொழிபெயர்ப்பு வைத்திருக்கும் இருவருக்கும் ஒரு வார்த்தை: உங்கள் பதிப்பில் 2.7 அதன் இடத்தில் இருக்காது. புத்தகத்தின் கடைசியில் பின்னிணைப்பாகக் கிடக்கும், அங்கே ஒரு அடையாளத் தாளை இப்போதே வைத்துவிடுங்கள். மேசைகளுக்கு நான் சொல்லிவிட்டேன். டேப் இன்னும் ஒரு சுருள் வேண்டும்.