சப்வூஃபரின் ஆழ்ந்த பாஸை உயர்த்துவதற்கு முன்

20 ஹெர்ட்ஸ் பக்கத்து மிகத் தாழ்ந்த ஒலியைக் கூட்ட விரும்புபவர்கள், அதிர்வெண்களின் அளவைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் ஈக்குவலைசரைத் தொடுவதற்கு முன், தாழ்ந்த ஒலிகளுக்கான ஸ்பீக்கர் பெட்டியான சப்வூஃபரை அறையின் மூலைக்கு நகர்த்திப் பார்க்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. மூலையில் சுவர்களும் தரையும் சேர்ந்து ஒலிக்குத் தரும் வலிமைக்கு ஆம்ப்ளிஃபயர் கூடுதலாக ஒரு வாட்கூடச் செலவழிக்க வேண்டியதில்லை. ஈக்குவலைசரில் 3 டெசிபல் ஏற்றினால் இரு மடங்கும், 10 டெசிபல் ஏற்றினால் பத்து மடங்கும் மின்திறன் தேவைப்படும். அதிர்வெண் பாதியாகக் குறைந்தால், அதே அளவு ஒலியை எழுப்ப, ஸ்பீக்கரில் முன்னும் பின்னும் அசையும் கூம்புப் பகுதியான கோன் நான்கு மடங்கு தூரம் அசைய வேண்டும்.

போர்ட் (காற்று வந்துபோகும் துளை) உள்ள பெட்டிகளில்தான் ஆபத்து அதிகம். போர்ட்டின் இசைவு அதிர்வெண்ணுக்கு (அது வலுவாக ஒலிக்கும்படி அமைக்கப்பட்ட அதிர்வெண்) கீழே உள்ளிருக்கும் காற்று கோனைத் தாங்கிப் பிடிப்பதில்லை. கோன் கட்டுப்பாடின்றி எகிறி, அதோடு இணைந்த கம்பிச் சுருளான வாய்ஸ் காயில் காந்தத்தின் பின்தகட்டில் மோதும் 'டக்' என்ற சத்தம் கேட்டால், உடனே ஒலியளவைக் குறைத்துவிட வேண்டும். 25 ஹெர்ட்ஸுக்கு இசைவிக்கப்பட்ட பெட்டி என்றால், அதற்குச் சற்றுக் கீழே மிகத் தாழ்ந்த ஒலிகளை வடிகட்டும் சப்சானிக் ஃபில்டரை அமைத்து, அதற்கு மேற்பட்ட பகுதியை மட்டும் இரண்டு மூன்று டெசிபல் உயர்த்தலாம். மூடிய பெட்டியில் உள்காற்றே கோனை ஓரளவு அடக்குகிறது. ஆனாலும் கோனின் அசைவுக்கு அங்கும் எல்லை உண்டு.

சுவர்களில் பட்டுத் திரும்பும் ஒலி ஒன்றோடொன்று சேர்ந்து உருவாகும் அறையின் நிலை அலைகளால் ஒலி அடங்கிப்போகும் அதிர்வெண்ணை எவ்வளவு ஏற்றினாலும் பயனில்லை. இருக்கையையோ பெட்டியையோ இடம் மாற்றித்தான் பார்க்க வேண்டும்.