பிரிக்காமல் திரும்பிவந்த பொதி

உயிர்த்த ஞாயிறு முடிந்த கையோடு எங்கள் வாலிபர் ஐக்கியத்தில் பதினான்கு பேர் நக்கிள்ஸ் மலைப்பக்கம் நடக்கப் போனோம். மூன்று நாள். சாப்பாடு, டென்ட், உடுப்பு எல்லாம் அவரவர் முதுகில். திருகோணமலைக் கடற்கரைப் பிள்ளைகளுக்கு மலை என்றால் கோணேசர் கோயில் நிற்கும் பாறைதான். அதனால் ஒரு கிழமைக்கு முன்பே சபை மண்டபத்தில் பைகளைக் கட்டிப் பார்த்தோம். ஒரு பெடியன் வீட்டிலிருந்து மீன் நிறுக்கும் தொங்கு தராசைக் கொண்டுவந்தான். ஒவ்வொரு பையாகக் கொளுவி நிறுத்தோம்.

அன்று மாலை எங்கள் குழுவில் ஒரு பிள்ளையின் தாய் மண்டபத்துக்கு வந்தார். மூதூர் கிழக்கைச் சேர்ந்தவர்.

“தம்பி, நான் பை தூக்கி நடந்தது போதாதே? இவளும் நடக்க வேணுமே?”

எனக்குப் பதில் வரவில்லை. 2006இல் ஷெல்லடிக்குள் ஊரை விட்டு, கைக்குழந்தையும் ஒரு பையுமாக வெருகல் ஆற்றைக் கடந்து வாகரைக்குப் போனவர் அவர். அந்தக் கைக்குழந்தைதான் இவள். இந்த நடை வேறு என்று சொல்ல வாயெடுத்தேன், முடியவில்லை. “நீங்கள் வேண்டாம் என்றால் விட்டுவிடுகிறோம், அக்கா” என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் பைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் கீழே உட்கார்ந்து, மகளின் பையைக் கொட்டி, முதலிலிருந்து அடுக்கத் தொடங்கினார். ஒவ்வொரு உடுப்பையும் தனித்தனி ஷொப்பிங் பையில் போட்டு, காற்றை அமத்தி எடுத்து முடிச்சுப் போட்டார். நெருப்புப்பெட்டிக்கு இரண்டு பை. பாரமானதெல்லாம் முதுகோடு ஒட்டி. கடைசியாக, வறுத்த அரிசிமா ஒரு பொதி. “இதைப் பிரிக்கக் கூடாது. வழியில் ஒண்டுமே இல்லாட்டித்தான்” என்றார். பிள்ளைகள் எல்லாரும் சத்தமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் அவரைப் போலக் கட்டியவர்கள் இரண்டு பேர்தான்.

ஹுன்னஸ்கிரியவில் இருந்து மேலே ஏறி, கோர்பட்ஸ் கெப் கணவாயில் வான் வண்டியை விட்டு இறங்கி மீமுரே கிராமத்துக்கு நடந்தோம். காட்டுப் பாதையில் அட்டைகள். உப்புவெளிப் பெடியன் ஒருவன் உப்பைத் துணியில் முடிந்து கொண்டுவந்திருந்தான். வைத்தவுடன் அட்டை சுருண்டு விழுந்தது. ஒரு வளைவில் லக்கேகல தெரிந்தது. வயல்களுக்கு மேலே கூரான ஒற்றைப் பாறை. எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டோம். யாரும் சொல்லாமலே ஜெபத்துக்கு நின்றோம்.

பின்னேரம் இடிமழை பிடித்தது. ஒரு வீட்டுக்காரரிடம் கேட்டு அவருடைய வளவில் டென்ட் அடிப்பதற்குள் பைகள் ஊறிவிட்டன. இரவில் காய்ந்த உடுப்பு இருந்தது மூன்று பேரிடம். அவள் தன்னுடையதை மற்றப் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்தாள். காய்ந்த நெருப்புக்குச்சியும் அவளிடம்தான்.

அடுத்த நாள் ஓடையில் குளித்துக்கொண்டிருக்கும்போது, இந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்டாள். மகாவலிக்கு, என்றேன். 335 கிலோமீட்டர் ஓடி எங்கள் கொட்டியாரக் குடாவில் விழுகிற மகாவலி; அதிலிருந்து பிரிகிற கிளைதான் வெருகல் ஆறு. அவள் முழங்கால் தண்ணீரில் அப்படியே நின்றாள். பிறகு கரைக்கு வந்து, போத்தலைக் கழுவி, அந்தத் தண்ணீரை நிரப்பி மூடிப் பையில் வைத்தாள்.

மூன்றாம் நாள் இரவு சபை வாசலில் தாய் நின்றார். மகளின் தோளிலிருந்து பையை இறக்கிக் கையால் தூக்கிப் பாரம் பார்த்தார். போத்தலை எடுத்து விளக்கு வெளிச்சத்தில் பிடித்தார். மகள் அவருடைய காதில் ஏதோ சொன்னாள். அதற்குப் பிறகு மாப்பொதி அகப்பட்டது, முடிச்சு அவிழாமல்.

“பிரிக்கேல்லையோ?”

“தேவைப்படேல்லை அம்மா.”

அவர் பொதியை எடுத்துக்கொண்டு மண்டபக் குசினிக்குப் போனார். தேங்காய் துருவி, சீனி போட்டுக் குழைத்து, பதினான்கு பேருக்கும் உருண்டை பிடித்துக் கொடுத்தார்.