கொள்ளிக்குக் கூப்பிடாதே

கனடாவை எனக்குச் சொல்லித் தந்தவர் பெரியப்பா. 2022 செப்டெம்பரில் படிக்க வந்தவனுக்கு ஸ்காபரோவில் தன் வீட்டு பேஸ்மென்ட்டைத் தந்துவிட்டு, வாடகைப் பேச்சே எடுக்காதவர். வங்கிக் கணக்கு, சமூகக் காப்புறுதி எண், பனிச் சப்பாத்து எங்கே மலிவு, உறைந்த நடைபாதையில் பாதத்தை முழுதாகப் பதித்துச் சின்ன அடியாக நடப்பது எப்படி என்று ஒவ்வொன்றாகக் காட்டித் தந்தார். முதல் வாரம் என்னோடு பஸ் ஏறி, பிறகு ஸ்காபரோ ரயிலில் கென்னடி நிலையம் வரை வந்து, திரும்பும் வழியையும் காட்டிய பிறகுதான் தனியே விட்டார். அடுத்த வருடம் ஜூலையில் அந்த ரயில் தடம் புரண்டு, அதோடு ஒரேயடியாக மூடிவிட்டார்கள். சொந்தத்தில் யாரோ போனது மாதிரிக் கவலைப்பட்டார். எத்தனையோ வருடம் வேலைக்குப் போய்வந்த ரயில் அது.

அவருக்கு ஒரு மகன் கல்கரியில் இருப்பது யாழ்ப்பாணத்திலேயே எனக்குத் தெரியும். ஆனால் அண்ணாவைப் பற்றி அந்த வீட்டில் யாரும் கதைப்பதில்லை. வரவேற்பறையில் அண்ணாவின் பட்டமளிப்புப் படம் வரை இருந்தது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. ஏஜக்ஸில் இருக்கும் பெரியப்பாவின் மகள், என் அக்காதான் மெல்ல மெல்ல எனக்குச் சொன்னார்.

1987 அக்டோபரில் இந்திய இராணுவத்தின் சண்டை யாழ்ப்பாணத்தைப் புரட்டிப்போட்டது. அடுத்த வருடம் பெரியப்பா புறப்பட்டார். அண்ணாவுக்கு அப்போது இரண்டு வயது. கனடாவின் அகதிகள் சபை 1989 ஜனவரியில்தான் தொடங்கியது. அதற்கு முன் வந்தவர்களின் விண்ணப்பங்கள் பெரிய குவியலாகத் தேங்கிக் கிடந்தன. நிரந்தர வதிவிடம் கிடைக்காமல் குடும்பத்தைக் கூப்பிட முடியாது. பகலில் பிளாஸ்டிக் தொழிற்சாலை, இரவில் அலுவலகம் கூட்டித் துடைப்பது என்று வேலை. உழைத்த காசு இரண்டு தம்பிமாரையும் வெளிநாடு எடுக்க ஏஜென்சிக்குப் போனது. பெரியம்மாவும் அண்ணாவும் 1994இல் வந்து இறங்கியபோது அண்ணாவுக்கு எட்டு வயது. ஆறு வருடம் படத்தில் மட்டும் பார்த்த அப்பா. வந்த பிறகும் அண்ணா கண்டது, ஞாயிற்றுக்கிழமை பகலில் நித்திரை கொள்ளும் ஒரு மனிதரைத்தான். இப்படி வளர்ந்த பிள்ளைகள் இந்த நகரத்தில் நிறையப் பேர். யாரைக் குற்றம் சொல்வது? போர் பிரித்ததை வேலை இன்னும் கொஞ்சம் பிரித்தது.

ஆனால் அண்ணா பிரிந்து போனது அதற்காக அல்ல.

2014இல் பெரியம்மாவுக்குச் சூலகப் புற்றுநோய். அண்ணாவுக்குக் கல்கரியில் வேலை கிடைத்த புதிது. 'இப்ப சொல்லிக் குழப்பக் கூடாது' என்று வீட்டில் முடிவெடுத்தார்கள். போன் எடுக்கும்போதெல்லாம் அம்மாவுக்குக் கொஞ்சம் வயிற்றுவலி, அம்மா நித்திரை, அம்மா கோயிலுக்குப் போய்விட்டார். பிறகு ஒரு நடுச்சாமம், 'உடனே வா'. கல்கரியிலிருந்து ரொறன்ரோவுக்குப் பறக்க நான்கு மணித்தியாலம் வேண்டும். அண்ணா வந்து இறங்கியபோது எல்லாம் முடிந்திருந்தது. கொள்ளி வைத்தார், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு வரை ஒரு வார்த்தை கதைக்காமல் இருந்தார், அன்று சொந்தக்காரர் நிறைந்த வீட்டில் அப்பாவைப் பார்த்துச் சொன்னார்: "என்னைக் கொள்ளிக்குத்தானே கூப்பிட்டனீங்கள்." அப்படியே விமான நிலையத்துக்குப் போனவர்தான்.

எங்கள் ஆட்களிடம் இந்தப் பழக்கம் ஆழமாக இருக்கிறது. தூரத்தில் இருக்கிற பிள்ளைக்கு வருத்தத்தைச் சொல்லக் கூடாது. படிப்புக் கெடும், வேலை கெடும். அன்பினால்தான் செய்கிறார்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. என் அம்மம்மா விழுந்து இடுப்பெலும்பு உடைந்தது, அவர் எழும்பி நடக்கத் தொடங்கிய பிறகுதான் எனக்குத் தெரியவந்தது. இந்த அன்பு பிள்ளையிடமிருந்து எதைப் பறிக்கிறது என்பதை நான் பெரியப்பாவின் வீட்டில்தான் கண்டேன்.

2023 நவம்பரில் அவருடைய கண் மஞ்சளாகியது. ஸ்கான், இரத்தப் பரிசோதனை என்று போய், கணையத்தில் புற்றுநோய், ஈரலுக்கும் பரவிவிட்டது என்று தெரிந்தது. முடிவு சொல்லும் நாளில் நானும் அக்காவும் கூடப் போனோம். நான் மொழிபெயர்க்கிறேன் என்றேன். டொக்டர் பணிவாக மறுத்துவிட்டு, மேசையிலிருந்த போனில் ஒரு மொழிபெயர்ப்பாளரை எடுத்தார். முகம் தெரியாத ஒரு பெண், நல்ல யாழ்ப்பாணத் தமிழில், "ஐயா, உங்களுக்கு வந்திருக்கிறது மாத்த ஏலாத புற்றுநோய் எண்டு டொக்டர் சொல்லுறார்" என்றார். அக்கா என் கையை இறுக்கிப் பிடித்தார். பெரியப்பா போனைப் பார்த்தபடியே, எவ்வளவு காலம் என்று கேட்டார். மாதக் கணக்குத்தான் என்று வந்தது பதில். நோயாளியின் உடம்பு நோயாளியுடையது, முதலில் அவருக்குத்தான் சொல்ல வேண்டும் என்பது இந்த நாட்டின் ஒழுங்கு. அன்று அது எனக்குக் கல்நெஞ்சாகத் தெரிந்தது. இப்போது அப்படித் தெரியவில்லை.

மருந்து ஏற்ற வேண்டாம் என்று பெரியப்பா முடிவெடுத்தார். வீட்டிலேயே பராமரிப்புத் தொடங்கியது. வாடகைக் கட்டில் வந்தது, நேர்ஸ் வந்தார், குளிப்பாட்ட ஒரு பராமரிப்புப் பணியாளர் வந்தார். இதயம் நின்றால் மீண்டும் இயக்க முயல வேண்டாம் என்ற படிவத்தைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டச் சொன்னார்கள், அம்புலன்ஸ்காரர் வந்தால் அதைக் காட்ட வேண்டுமாம். பிறகு ஒரு சமூகப் பணியாளர் வந்து, உங்களுக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார். "ஒண்டு" என்றார் பெரியப்பா. "இரண்டு" என்றார் அக்கா.

அந்தப் பெண் பேனையை வைத்துவிட்டு விளக்கினார். ஒன்ராறியோவின் 1996ஆம் ஆண்டுச் சட்டப்படி, நோயாளியால் முடிவெடுக்க முடியாமல் போகும்போது, அவர் யாருக்கும் எழுத்தில் அதிகாரம் கொடுத்திருக்காவிட்டால், துணை இல்லாதவருக்குப் பிள்ளைகள் முடிவெடுக்கலாம். எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே தரம். பக்கத்தில் இருக்கிறவர், கதைக்காமல் இருக்கிறவர் என்று சட்டம் பிரிப்பதில்லை. அக்காவின் பெயருக்கு எழுதிக் கொடுத்தால் இந்தச் சிக்கல் இராது என்றும் சொன்னார். பெரியப்பா எழுதிக் கொடுத்தார். ஆனால் அந்தப் பெண் போன பிறகு, நெடுநேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அவனும் ஒரே தரம்தானாம்" என்றார்.

சொந்தக்காரர் பழங்களோடு வந்துபோனார்கள். அண்ணாவுக்குச் சொல்வதா என்ற பேச்சு எழும்பியது. இப்போது வேண்டாம், கடைசி நேரத்தில் சொல்லலாம் என்றது ஒரு பக்கம். ஒரு மாமா என் தோளில் தட்டி, "நீயும் மகன்முறைதானே தம்பி, அவன் வராட்டி கொள்ளியை நீ வைக்கலாம்" என்றார். முறைப்படி அது சரிதான். பெரியப்பா கட்டிலில் இருந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். "கொள்ளியை ஆரும் வைக்கட்டும். அவனைக் கொள்ளிக்குக் கூப்பிடாதேங்கோ. நான் இருக்கேக்க சொல்லவேணும்" என்றார். அறை அமைதியாகிவிட்டது.

அண்ணாவுக்குத் தமிழ் விளங்கும், வாசிக்கக் கஷ்டம். பெரியப்பாவுக்கு ஆங்கிலத்தில் எழுத வராது. ஆகவே வட்ஸப்பில் குரல் பதிவு அனுப்புவது என்று முடிவாகியது. போனை நான் பிடித்தேன். முதலில் பேசியது கட்டளை: 'அப்பாவுக்கு ஏலாது, வந்து பார்.' அக்கா கேட்டுவிட்டு அழிக்கச் சொன்னார். அடுத்தது கணக்கு: இரண்டு வேலை, வாங்கிய வீடு, கட்டிய பள்ளிக்கூடக் காசு. அதைக் கேட்டுவிட்டு அவரே தலையாட்டி, வேண்டாம் என்றார். சில நாள் அந்தப் பேச்சே எடுக்கவில்லை. பிறகு ஒரு விடியற்காலை என்னை மேலே கூப்பிட்டார். இதுதான் அண்ணாவுக்குப் போனது:

"தம்பி, அப்பா கதைக்கிறன். எனக்குக் கணையத்தில கான்சர். மாறாது. மாதக் கணக்குத்தான் எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். அம்மாட வருத்தத்தை உனக்கு மறைச்சது நான். அம்மா சொல்லச் சொல்லிக் கேட்டவ. நான்தான் வேண்டாம் எண்டனான். அவவும் சேர்ந்து மறைச்சவ எண்டு நீ நினைச்சிருப்பாய். அது பிழை. அவவில கோவிக்காத. வா எண்டு கேக்கேல்ல. உனக்குத் தெரிஞ்சிருக்கவேணும், அவ்வளவுதான்."

பெரியம்மா சொல்லச் சொன்னது அக்காவுக்கே அன்றுதான் தெரியும்.

இரண்டு நீலச் சரி விழுந்தது. பதில் இல்லை. பெரியப்பா போனைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டார், கேட்கவும் இல்லை, இன்னொன்று அனுப்பவும் இல்லை. ஒரு வாரத்துக்கு மேல் போயிருக்கும். கல்கரி இலக்கத்திலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. நான் அண்ணாவின் குரலைக் கேட்டது அதுதான் முதல்முறை. "நீ ஆர் எண்டு தெரியும். அப்பாவுக்கு உண்மையில என்ன மாதிரி இருக்கு? ஒண்டும் மறைக்காமச் சொல்லு." நோவுக்கு எவ்வளவு மருந்து, என்ன சாப்பிடுகிறார், எவ்வளவு நேரம் விழித்திருக்கிறார் என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். பெப்ரவரியில் வந்தார்.

கட்டிப்பிடித்து அழவில்லை. அண்ணா வந்து, சப்பாத்தைக் கழற்றி வைத்து, கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். "சாப்பிட்டியோ?" என்று பெரியப்பா கேட்டார். முதல் இரண்டு நாளும் நேர்ஸிடம் கேட்ட கேள்விகளைத் தவிர அண்ணா அதிகம் பேசவில்லை. மூன்றாம் இரவு, நான் கஞ்சி கொண்டுபோனபோது, அண்ணா கேட்டுக்கொண்டிருந்தார்: "அம்மா கடைசியா என்ன சாப்பிட்டவ?"

அப்படித் தொடங்கியது. எப்போது அம்மாவுக்கு முதலில் சொன்னார்கள், அன்று என்ன உடுத்திருந்தார், நோவு எங்கே இருந்தது, தன்னைப் பற்றி என்ன சொன்னார் என்று ஒவ்வொரு இரவும் கேட்டார். பெரியப்பா ஒன்றையும் மழுப்பவில்லை. நினைவில்லாததை நினைவில்லை என்றார். சில இரவுகளில் அண்ணா கோபத்தோடு எழும்பி வெளியே போய், வாசலில் பனியை வழித்துத் தள்ளிவிட்டு வந்து, மறுபடி இருந்தார். எனக்குத் தெரிந்த அளவில் அவர்கள் இருவருக்கும் நடந்தது இதுதான். ஒருவர் கேட்டார், மற்றவர் பதில் சொன்னார்.

ஒரு நாள் பெரியப்பா திருப்பிக் கேட்டார்: "கிளாலிக் கடல்ல வரேக்க பயந்தனியோ?" 1994இல் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற அதுதான் வழி. புலிகளிடம் பாஸ் எடுத்து, இரவில் வெளிச்சமில்லாமல் கடல்நீரேரியைப் படகில் கடக்க வேண்டும், கடற்படை சுடும். எட்டு வயதுப் பிள்ளை அதைக் கடந்து வந்து முப்பது வருடம் ஆகியும் அப்பா அதைக் கேட்டதில்லை. அண்ணா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அம்மா தன் வாயைப் பொத்திப் பிடித்திருந்ததிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னார்.

அண்ணா கல்கரிக்குத் திரும்பாமல் இரக்கப் பராமரிப்பு விடுப்பு எடுத்தார். குடும்பத்தில் ஒருவர் 26 வாரத்துக்குள் இறக்கக்கூடும் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தால், 26 வாரம் வரை வேலைக் காப்புறுதியில் பணம் கிடைக்கும். 2016க்கு முன் அது ஆறு வாரம்தான். படிவத்தை நிரப்பும்போது அண்ணா என்னிடம், "அந்த ஆறு கிழமையாவது அம்மாவோட இருந்திருப்பன்" என்றார். பெரியப்பாவுக்கும் கேட்டிருக்கும். கதவு திறந்துதான் இருந்தது.

ஏப்ரலில் பெரியப்பா போனார். அண்ணாவும் அக்காவும் பக்கத்தில் இருந்தார்கள். மயானத்தில் அந்த மாமா கண்கலங்கி, "கொள்ளிக்கு மகன் வந்திட்டான், அது காணும்" என்றார். "நான் பெப்ரவரியே வந்திட்டன் மாமா" என்றார் அண்ணா. அப்பாவை மன்னித்துவிட்டாரா என்று சொந்தத்தில் பலர் இன்றும் என்னிடம் கேட்கிறார்கள். அவர் அப்படிச் சொல்லி நான் கேட்கவில்லை. பெரியப்பாவும் அதைக் கேட்டதில்லை.

அந்தியேட்டி முடிந்து கல்கரிக்குப் புறப்பட முன், அண்ணா பேஸ்மென்ட்டுக்கு இறங்கி வந்தார். உன் அப்பா அம்மாவுக்கு என்னென்ன வருத்தம் இருக்கு, என்ன மருந்து எடுக்கினம் என்று கேட்டார். அப்பாவுக்குப் பிரஷர் இருப்பது மட்டும்தான் எனக்குத் தெரிந்திருந்தது. அன்றிரவே யாழ்ப்பாணத்துக்கு எடுத்தேன், அங்கே விடிந்திருந்தது. "ஒண்டுமில்லை, நீ படி" என்றுதான் அம்மா தொடங்கினார். பெரியப்பா வீட்டில் நடந்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, உள்ளே போய் மருந்துப் பையை எடுத்து வந்து, ஒவ்வொரு அட்டையாகக் கமராவுக்குக் காட்டினார். அப்பாவுக்கு இதயத்தில் அடைப்பு இருப்பதும், அதைப் பார்க்க ஆஸ்பத்திரியில் நாள் குறித்திருப்பதும் அப்போதுதான் தெரிந்தது. எந்த நாள் என்று கேட்டு எழுதிக்கொண்டேன்.